சார், ஒரு ஐடியா சொல்லட்டுமா?

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது எந்த ஸ்டாலில் நின்றாலும் இதைப் பார்க்கலாம். கையெழுத்து வாங்கிய வாசகர் நகர மாட்டார். "சார், அடுத்த பாகத்துக்கு ஒரு ஐடியா இருக்கு, ரெண்டே நிமிஷம்" என்பார். சொந்தக் கதை எழுதுகிறவர் என்றால் பெரும்பாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். இன்னொருவருக்குச் சொந்தமான கதையில் எழுதுகிறவர் என்றால், முதல் வாக்கியம் முடியும் முன்பே "அய்யோ, சொல்லிடாதீங்க" என்று கையை உயர்த்திவிடுவார். தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டு வாசகர் போய்விடுவார். அந்த எழுத்தாளரோ பயந்துபோயிருக்கிறார். அந்தப் பயத்துக்குக் கணக்கும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

இன்னொருவருக்குச் சொந்தமான கதை என்று எதைச் சொல்கிறோம்? ஒரு படம், சீரியல் அல்லது கேமின் பாத்திரங்களை வைத்து, உரிமையாளரின் அனுமதியோடு, கூலிக்கு எழுதப்படும் நாவல்களை டை-இன் நாவல் என்பார்கள். ஸ்டார் ட்ரெக், ஸ்டார் வார்ஸ், டாக்டர் ஹூ ஆகியவற்றுக்கு இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. இதை எழுதுகிறவர்களுக்கென்றே அமெரிக்காவில் தனிச் சங்கமும், ஸ்கிரைப் என்ற பெயரில் விருதும் இருக்கின்றன. தமிழில் இந்த வகை நாவல் அரிது. ஆனால் அதே நிலையில் இருக்கும் ஆட்கள் சாலிகிராமத்திலும் வடபழனியிலும் நிறையப் பேர். மெகா சீரியலின் டைட்டிலைக் கவனியுங்கள். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். உரிமை பெரும்பாலும் இந்த மூவரிடமும் இருக்காது. சேனலிடமோ தயாரிப்பு நிறுவனத்திடமோ இருக்கும். அந்தக் கதாநாயகியை நாலு வருடம் பேசவைத்த வசனகர்த்தா வேலையை விட்டுப் போனால், அவளுடைய பெயரைக்கூட எடுத்துக்கொண்டு போக முடியாது.

உரிமை இல்லை, சரி. பொறுப்பு மட்டும் முழுக்க அவர் தலையில். இந்த வகை ஒப்பந்தங்களில் வழக்கமாக இரண்டு உறுதிமொழிகள் இருக்கும். எழுதித்தருவது என் சொந்தக் கற்பனை, யாரிடமிருந்தும் எடுத்ததில்லை என்பது முதலாவது. அப்படி எடுத்ததாக யாராவது வழக்குப் போட்டால், அதனால் நிறுவனத்துக்கு வரும் நஷ்டத்தையும் வக்கீல் செலவையும் நான் ஏற்கிறேன் என்பது இரண்டாவது. எபிசோடுக்கு இவ்வளவு என்று வாங்குகிற மனிதர், சேனலின் வழக்குச் செலவுக்கு ஜாமீன் நிற்கிறார். ஒப்பந்தத்தின் இந்தப் பக்கத்தைப் பொதுவாக யாரும் படிப்பதில்லை. படித்தவர்கள்தான் புத்தகக் காட்சியில் கையை உயர்த்துகிறார்கள்.

"ஐடியாவுக்குத்தான் காப்புரிமையே கிடையாதே, அப்புறம் என்ன பயம்?" என்று சட்டம் கொஞ்சம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1957-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டம் எழுத்துவடிவத்தைத்தான் காக்கிறது, கருவை இல்லை. இதற்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுவது ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-ல் தந்த தீர்ப்பு. அந்த வழக்கில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம், நடுவில் ஒரு காதல் என்று ஆனந்த் இந்தியில் நாடகம் எழுதி டில்லியில் மேடையேற்றினார். திரைப்பட இயக்குநர் ஒருவர் ஆர்வம் காட்ட, அவருக்கு நாடகம் முழுவதையும் வாசித்தும் காட்டினார். 1956-ல் 'நியூ டெல்லி' வெளிவந்தது. அதிலும் ஒரு பஞ்சாபி, ஒரு மதராஸி. தமிழ்ப் பெண்ணாக நடித்தவர் வைஜெயந்திமாலா. ஆனந்த் வழக்குப் போட்டு, கீழ் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை தோற்றார். கரு ஒன்றாக இருக்கலாம், சொன்ன விதம் வேறு, ஆகவே திருட்டு இல்லை என்றது தீர்ப்பு.

படம் எடுத்தவர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஆனால் தேதிகளைப் பாருங்கள். படம் 1956, தீர்ப்பு 1978. இருபத்திரண்டு வருடம். ஒரு வாசகரிடம் கதை கேட்டதற்கு இந்த விலை கட்டுப்படியாகுமா என்பதுதான் நடைமுறைக் கேள்வி. சட்டம் உங்கள் பக்கம் இருப்பது கடைசியில்தான் தெரியும்.

திருட்டு என்று சொல்கிறவர் இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும். இரண்டு கதையும் ஒன்றுபோல இருக்கிறது என்பது ஒன்று. என் கதை அவர் கைக்குப் போனது என்பது இன்னொன்று. முதலாவது எழுத்தாளர் கையில் பெரிதாக இல்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன். இரண்டாவது முழுக்க அவர் கையில். கதை கையில் படவே இல்லை என்றால், ஒற்றுமை எத்தனை இருந்தாலும் தற்செயல் என்று நிற்கலாம். படிக்க மறுப்பதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

இப்போது ஒற்றுமைக்கு வருவோம். ஒரு சீரியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயகியின் அப்பா இருபது வருடத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவர். கூடத்துச் சுவரில் அவருடைய போட்டோ இருக்கிறது. மாலை போடவில்லை, பொட்டும் வைக்கவில்லை. முதல் வாரத்திலேயே எல்லா வீட்டிலும் சொல்லிவிடுவார்கள், அப்பா திரும்பி வருவார் என்று. எப்படி வருவார்? வில்லனின் பார்ட்னராக வரலாம். எதிர்வீட்டு வாட்ச்மேனாக, யாருக்கும் தெரியாமல் மகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மகளுக்கு ஆபத்து வரும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க வரலாம். இரண்டாவது குடும்பத்தோடு வரலாம். ஏறக்குறைய அவ்வளவுதான் வழி. பார்க்கிறவர்களில் ஆயிரம் பேர் யோசித்தால், வாட்ச்மேன் யோசனை இருநூறு பேருக்காவது வரும். டிஸ்கஷன் ரூமில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கும் வரும். மாலை போடாத போட்டோவை மாட்டச் சொன்னதே அவர்கள்தானே.

சொந்தக் கதை எழுதுகிறவருக்கு இந்த நெருக்கடி குறைவு. அப்பா பாத்திரமே வேண்டாம் என்று அவர் தூக்கிவிடலாம். மற்றவர் கதையில் எழுதுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. டை-இன் நாவல்களில் உரிமையாளர்கள் இன்னும் கறார். முக்கியப் பாத்திரத்தைக் கொல்லக் கூடாது, கல்யாணம் செய்துவைக்கக் கூடாது, நாவல் முடியும்போது எல்லாரும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும் என்பார்கள். மிச்சம் இருப்பது, ஏற்கெனவே வந்த கதையில் விட்டுப்போன இடைவெளிகள். அந்த இடைவெளிகள் எங்கே இருக்கின்றன என்பது எழுத்தாளரைவிடத் தீவிர ரசிகருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் ஒரே பள்ளத்தை ஒரே மண்ணைப் போட்டு நிரப்பப் பார்க்கிறார்கள். பத்தில் ஒன்றுகூட ஒத்துப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சீரியலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கதையைப் பல நேரம் கதாசிரியர் தீர்மானிப்பதே இல்லை. மாமனாராக நடிப்பவருக்குப் படத்தில் வாய்ப்பு வந்து டேட்ஸ் கொடுக்க முடியாமல் போனால், மாமனாருக்கு ஆக்ஸிடென்ட் நடக்கும். அந்த ஆக்ஸிடென்டைத்தான் மூன்று மாதத்துக்கு முன்பே எழுதி அனுப்பியதாக ஒருவர் நோட்டீஸ் விட்டால், அவர் பொய் சொல்லவில்லை. அனுப்பியிருப்பார்.

கால இடைவெளி வேறு சேர்ந்துகொள்ளும். நாவல் என்றால் முதலில் சில பக்கங்களில் சுருக்கம் எழுதி உரிமையாளருக்கு அனுப்புவார்கள். அது ஒப்புதலாகி, பிறகு எழுதி, மறுபடி ஒப்புதல் வாங்கி, அச்சாகிக் கடைக்கு வருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். சுருக்கம் ஜனவரியில் ஒப்புதலானது, ரசிகர் மார்ச்சில் தன் யோசனையை அனுப்பினார், புத்தகம் டிசம்பரில் வந்தது என்றால், ரசிகர் கண்ணுக்குத் தெரிவது மார்ச்சும் டிசம்பரும் மட்டுமே. ஜனவரி ஓர் அலுவலக ஃபைலுக்குள் இருக்கிறது.

காப்புரிமையை ஒதுக்கி வைத்தாலும் வேறு இரண்டு வாசல்கள் திறந்தே இருக்கின்றன. முதலாவதைக் கலிபோர்னியாவின் டெஸ்னி வழக்கு காட்டியது. குகையில் மாட்டிக்கொண்டு இறந்த ஒருவரின் உண்மைக் கதையைப் படமாக எடுக்கலாம் என்று இயக்குநர் பில்லி வைல்டரின் அலுவலகத்துக்கு 1949-ல் ஒருவர் போன் செய்தார். இயக்குநர் லைனில் வரவில்லை, செக்ரட்டரிதான் பேசினார். கதை நீளமாக இருக்கிறது, சுருக்கித் தாருங்கள் என்றார். சுருக்கத்தைப் போனிலேயே படித்துக்காட்ட, அவர் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டார். எடுப்பதாக இருந்தால் பணம் தர வேண்டும் என்றும் போன் செய்தவர் சொல்லியிருந்தார். 1951-ல் அதே சம்பவத்தை ஒட்டிய படம் வந்தது. 1956-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், கருவுக்கு உரிமை இல்லாவிட்டாலும் பணம் தருவதாக ஒரு மறைமுக ஒப்பந்தம் ஏற்பட்டிருக்கக்கூடும், விசாரித்துத்தான் ஆக வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. கேட்டவர் செக்ரட்டரி என்பதைக் கவனியுங்கள். "நான் படிக்கலை, என் அசிஸ்டென்ட்தான் படிச்சார்" என்று தப்பிக்க முடியாது.

இரண்டாவது வாசல் நம்பிக்கை மீறல். ஜீ டெலிஃபிலிம்ஸுக்கும் சன்டயல் கம்யூனிகேஷன்ஸுக்கும் நடந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2003-ல் சொன்னது இதுதான். போதிய அளவு வளர்த்தெடுத்த ஒரு கதைத்திட்டத்தை ரகசியமாக நம்பி ஒப்படைத்தால், அதை வாங்கிக்கொண்டவர் தன்னிஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. ஒருவரி ஐடியாவுக்கு இது பொருந்தாது. பத்துப் பக்கத்தில் பாத்திர விவரம், எபிசோட் வரிசை எல்லாம் போட்டு, மேலே 'ரகசியம்' என்று எழுதி அனுப்பினால் பொருந்திவிடலாம். அதனால்தான் சுருக்கமான ஐடியாவைவிட, பாடுபட்டு எழுதிய கனமான கவரைக் கண்டால் எழுத்தாளர்கள் அதிகம் மிரள்கிறார்கள். அனுப்புகிறவருக்கு இது விசித்திரமாகத் தெரியும்.

மறதியும் உதவாது. பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டு வழக்கில், அவர் தெரிந்து எடுக்கவில்லை, பழைய பாட்டு ஒன்று அவர் அடிமனத்தில் இருந்து வேலை செய்திருக்கிறது, ஆனாலும் அது மீறல்தான் என்று 1976-ல் நியூயார்க் நீதிமன்றம் முடிவு செய்தது. ஒருமுறை படித்த வாட்ச்மேன் அப்பா இரண்டு வருடம் கழித்து நம் சொந்த யோசனை போல எழுந்து வருவார். எங்கிருந்து வந்தார் என்பது நமக்கே தெரியாது.

இதையெல்லாம்விடப் பெரிய நஷ்டம் வழக்கே வராதபோது நடக்கிறது. பாபிலோன் 5 என்ற அமெரிக்க விண்வெளித் தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி இணையத்தில் ரசிகர்களோடு தாராளமாகப் பேசியவர். கதை யோசனை மட்டும் சொல்லாதீர்கள் என்பது அவருடைய விதி. நினைவு அழிக்கப்பட்ட குற்றவாளியைப் பற்றி அவர் ஒரு எபிசோடுக்குத் திட்டமிட்டிருந்தபோது, ரசிகர் ஒருவர் ஏறக்குறைய அதையே கேள்வியாகப் போட்டுவிட்டார். எபிசோட் கிடப்பில் போனது. அந்த ரசிகர் தனக்கு உரிமை எதுவும் இல்லை என்று எழுத்தில் உறுதி கொடுத்த பிறகே, 1995-ல் மூன்றாவது சீசனில் ஒளிபரப்பானது. அந்த ரசிகர் நல்ல மனிதர். எல்லாரும் அப்படி இருப்பார்களா? எழுத்தாளர் தன் மண்டையில் உதித்த கதையைத் தானே கைவிட வேண்டியிருக்கும். அதுவும் நல்ல கதையாக இருந்தால்தான் இந்த அவஸ்தை.

நம்மூர்க் கதைக்கு வருவோம். 2018 தீபாவளிக்கு 'சர்க்கார்' வெளியாக இருந்தபோது, 2007-லேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் தான் பதிவு செய்த கதையோடு அது ஒத்துப்போவதாக ஓர் உதவி இயக்குநர் புகார் கொடுத்தார். அப்போது சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார். இயக்குநர் தரப்பு மறுத்தது. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, டைட்டிலில் அங்கீகாரம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமானது. யார் சொன்னது சரி என்று விசாரித்து வந்த தீர்ப்பு அங்கே இல்லை. ரிலீஸ் தேதி நெருங்க நெருங்கப் பேரம் பேசும் பலம் கை மாறுகிறது, அவ்வளவே. காப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவுப்படி, வழக்குப் போடுகிறவர் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். கோவில்பட்டியில் இருக்கும் ரசிகர் கோடம்பாக்கத்துக்கு வர வேண்டியதில்லை. கோடம்பாக்கம்தான் பஸ் ஏற வேண்டும்.

சரி, எழுத்தாளர் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? வாட்ஸப் எண்ணைக் கொடுக்கவே கூடாது. மீடியா ஆட்டோ டவுன்லோடை அணைத்து வைக்க வேண்டும். ஒரு பி.டி.எஃப். வந்து நீல டிக் விழுந்தால், மெசேஜ் திறக்கப்பட்டது என்பதுதான் அதன் பொருள். ஃபைலைப் படித்ததாக ஆகாது. ஆனால் நோட்டீஸில் அந்த ஸ்கிரீன்ஷாட்தான் முதல் பக்கம். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்தால் நீதிமன்றமும் அதைப் பார்க்கும். மெயிலுக்குத் தனி முகவரி, அதைத் திறப்பது கதை டிஸ்கஷனில் உட்காராத ஒருவர். இரண்டு வரியில் கதை யோசனை என்று தெரிந்ததும் அவர் நிறுத்திவிட்டு, தனி ஃபோல்டரில் தள்ளி, "தங்கள் மடலில் கதை யோசனை இருப்பதால் எழுத்தாளருக்கு அனுப்பப்படவில்லை, படிக்கப்படவும் இல்லை" என்று ஒரே மாதிரிப் பதிலை அனுப்ப வேண்டும். அழிக்கக் கூடாது. அழித்தால், பின்னாளில் ஆதாரத்தை மறைத்ததாகப் பேச்சு வரும். தபாலில் வந்த கவர் கனமாக இருந்தால் பிரிக்காமல் 'வாங்க மறுப்பு' என்று திருப்பிவிடுவது உத்தமம்.

இதில் மிக ஆபத்தானது மரியாதை. "நல்லா இருக்கு தம்பி, பார்க்கலாம்" என்று நம்மூரில் யாரையும் புண்படுத்தாமல் அனுப்பிவைக்கச் சொல்லும் அந்த நாலு சொல், படித்ததற்கும் பிடித்ததற்கும் யோசிப்பதாகச் சொன்னதற்கும் ஒரே சீட்டில் மூன்று ஒப்புதல். கட்டைவிரல் எமோஜியும் அப்படியே. புத்தகக் காட்சியில் முகத்துக்கு நேராகக் கையை உயர்த்துவது இதற்கு எவ்வளவோ மேல்.

இன்னொரு பக்கம், தன் யோசனை எப்போது பிறந்தது என்பதற்குச் சாட்சி சேர்த்துவைக்க வேண்டும். டிஸ்கஷன் முடிந்த அன்றே மூன்று வரியில் ஒரு மெயில், ஒன்லைனின் ஒவ்வொரு வடிவத்துக்கும் தேதி போட்டு ஒரு காப்பி, சேனல் ஒப்புதல் தந்த மெயில். முன்பெல்லாம் கதையைக் கவரில் போட்டுத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருப்பார்கள். பதிவுத் தபாலே 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு கரைந்துவிட்டது. அந்தக் கவர் எப்போதும் தேதியைத் தவிர வேறெதையும் நிரூபித்ததில்லை; தேதிக்கு மெயிலே போதும்.

வெளியிலிருந்து கதை வாங்கவே கூடாதா என்றால், வாங்கலாம். முதலில் கையெழுத்து, பிறகு கதை. ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடர், 1980-களின் இறுதியில் மைக்கேல் பில்லர் பொறுப்பில் இருந்தபோது, ஏஜென்ட் இல்லாதவர்களின் ஸ்கிரிப்டுகளையும் வாங்கியது. கூடவே ரிலீஸ் ஃபாரம் இணைத்திருக்க வேண்டும்.  அப்படிப்பட்ட ஃபாரத்தில் இருப்பது ஏறக்குறைய இவ்வளவே: இது என் சொந்த எழுத்து, ரகசியமாகத் தரவில்லை, இதே போன்ற கதை உங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம், தனி ஒப்பந்தம் போட்டாலொழியப் பணம் கேட்க மாட்டேன். ஒருதலைப்பட்சமான காகிதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் யாரும் கவரைப் பிரிக்க மாட்டார்கள்.

ரசிகர் பக்கத்து நியாயம் என்னவென்றால், அவருடைய உழைப்புக்கும் இந்த ஏற்பாட்டில் இடமில்லை. அனுமதி இல்லாமல் 'ராக்கி 4' படத்துக்கு 31 பக்க ட்ரீட்மென்ட் (விரிவான கதைச் சுருக்கம்) எழுதியவர் வழக்குப் போட்டபோது, பிறர் பாத்திரங்களை வைத்து அனுமதியின்றி எழுதியதற்குக் காப்புரிமையே கிடையாது என்று 1989-ல் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் கையை விரித்தது. பிறர் பாத்திரங்கள்மேல் ஆசை அடங்காது என்றால், சொந்தக்காரர் இல்லாதவற்றை எடுத்துக்கொள்ளலாம். கல்கியின் படைப்புகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. வந்தியத்தேவனை வைத்து யாரும் எழுதலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். இல்லையென்றால் வாட்ச்மேன் அப்பாவை அந்த சீரியலில் இருந்து கழற்றி, பெயரும் ஊரும் குடும்பமும் மாற்றி, உங்கள் கதையாக எழுதுங்கள். எழுதி முடித்த கணமே காப்புரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, செய்தால் ஆதாரமாக நிற்கும். டில்லியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், யாராவது ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சினிமாவுக்கு என்றால் எழுத்தாளர் சங்கப் பதிவையும் தயாரிப்பாளர்கள் மதிக்கிறார்கள்.

யாராவது வாங்க வந்தால், உரிமை மாற்றம் எழுத்தில்தான் செல்லும், வாய்ப்பேச்சு நிற்காது. எத்தனை வருடம் என்று காகிதத்தில் இல்லாவிட்டால் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். அந்த 'வேறு மாதிரி' பெரும்பாலும் நாலாவது பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.